கடலுக்கு மேலே நிற்க ஓர் இடம்

போன காணும் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. மூணு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. வீட்டுக்குள் வாக்கர், வெளியே போனால் சக்கர நாற்காலி. தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும், காணும் பொங்கலன்று ஊரே கடலைப் பார்த்துக் கிளம்பும். முத்துநகர் கடற்கரை, துறைமுகக் கடற்கரை, முயல் தீவு என்று எங்கே போனாலும் கூட்டம். அதனால் நாங்கள் வேறொரு சின்னக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதே மாதிரி ஐம்பது பூங்கா இருக்கும்.

வாசலில் சாய்தளம் இருந்தது. சந்தோஷப்பட்டேன். உள்ளே கலர் டைல்ஸ், ஃபைபரில் செய்த டால்ஃபின், செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில், ஒரு நீரூற்று. பெஞ்சுகள் எல்லாம் நீரூற்றைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். கடல் பெஞ்சுக்குப் பின்னால். பூங்கா முடியும் இடத்தில் இடுப்பளவு சுவர், அதில் ஒரு திறப்பு, திறப்பில் ஆறு படி, படிக்குக் கீழே மணல். சக்கர நாற்காலி சுவரோடு நின்றுவிட்டது. உட்கார்ந்த நிலையில் அப்பாவின் கண் மட்டம் சுவருக்குக் கீழே.

"சத்தம் கேக்கு. தண்ணியத்தான் காணல" என்றார்.

பக்கத்தில் நின்ற ரெண்டு பையன்கள் நல்ல மனசோடு வந்து, "தாத்தாவத் தூக்கிருவோம் அண்ணே, ஒண்ணுமில்ல" என்றார்கள். அப்பா கையை ஆட்டி மறுத்தார். "தூக்கிட்டுப் போக நான் என்னய்யா, சாக்கு மூடையா?"

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. அப்பா முப்பத்திமூணு வருஷம் டாலி கிளார்க். கப்பலுக்கும் தோணிக்கும் ஏறுகிற மூடைகளையும் இறங்குகிற மூடைகளையும் எண்ணிக் குறிப்பதுதான் வேலை. பழைய ஹார்பரில் ஆரம்பித்துப் புது ஹார்பரில் முடித்தார். மூடை எப்படித் தூக்கப்படும், எப்படிப் போடப்படும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு.

அன்று ராத்திரியே இந்தக் கட்டுரையின் முதல் குறிப்பை எழுதினேன். சினிமாவுக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். நாம் காசும் நேரமும் செலவழித்துப் போகிற கடற்கரைக் கேளிக்கை இடங்களுக்கு ஏன் எழுதுவதில்லை? அவற்றையும் யாரோ யோசித்து, வரைந்து, கட்டித்தானே இருக்கிறார்கள். எனவே இது ஒரு விமர்சனம். ஆனால் எதை அளவுகோலாக வைப்பது? அதற்கு நான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஒரு பாலத்துக்குப் போகவேண்டும்.

சௌத்எண்டில் ஒரு பிப்ரவரி

2017-இல் ஆபீஸ் வேலையாக மூணு மாசம் லண்டனில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை ரயில் பிடித்து, தேம்ஸ் கடலில் சேரும் இடத்திலுள்ள சௌத்எண்ட் என்ற ஊருக்குப் போனேன். அங்கே இருக்கும் 'பியர்' தான் உலகத்திலேயே நீளமான உல்லாசப் பாலம். கரையிலிருந்து கடலுக்குள் 2.16 கிலோமீட்டர்.

பியர் என்பதற்குத் தமிழில் சரியான சொல் இல்லை. ஜெட்டி என்போம், துறைமேடை என்போம், புதுச்சேரியில் பாலம் என்பார்கள். பாலம் என்றால் அக்கரை வேண்டும். இதற்கு அக்கரை கிடையாது. கரையில் தொடங்கிக் கடலுக்கு நடுவே நின்றுவிடும். அதன் மேல் நடந்து போய், நின்று, பார்த்துவிட்டுத் திரும்பி வருவதுதான் கேளிக்கை.

கரைப் பக்கம் ராட்டினம், ரோலர் கோஸ்டர், காசு போட்டு விளையாடும் மெஷின்கள் என்று நம் பொருட்காட்சி மாதிரியே இருந்தது. சீட்டு வாங்கிப் பாலத்தில் ஏறினேன். போக வர ஒரு குட்டி ரயில் உண்டு. போகும்போது நடந்தேன். அன்று நீர் வற்றும் நேரம். சௌத்எண்டில் கடல் வற்றினால் ஒரு மைல் உள்ளே போய்விடும். எனவே முதல் இருபது நிமிஷம் நான் நடந்தது சேற்றுக்கு மேலே. படகுகள் சாய்ந்து கிடந்தன. அப்புறம் மெல்லத் தண்ணீர் வந்தது.

முனையில் ஒரு டீக்கடை, உயிர்காப்புப் படகு நிலையம், பெஞ்சுகள். பெஞ்சில் வயசானவர்கள் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள், சிலர் சக்கர நாற்காலியில். எல்லாரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லண்டன் கேட்வே துறைமுகத்துக்குப் போகும் ஒரு பெரிய கண்டெய்னர் கப்பல் மெதுவாகக் கடந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஒரு கிழவர் பைனாகுலர் வைத்துக் கப்பலின் பெயரைப் படித்துச் சொன்னார், அவர் மனைவி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கண்டெய்னர் கப்பலைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கண்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன். பிறகு அரை மணி நேரம் நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆழமில்லாத கடலின் பிரச்சினை

ஊர் திரும்பிய பிறகு பியர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் ஆச்சரியப்படுத்தியது, இவை கேளிக்கைக்காகப் பிறந்தவை அல்ல என்பதுதான்.

இங்கிலாந்தின் பழைய பியர் வைட் தீவிலுள்ள ரைடு என்ற ஊரில் 1814-இல் கட்டியது. அந்த ஊரிலும் கடல் வற்றினால் அரை மைல் சேறு. படகில் வந்தவர்கள் கரை சேரச் சுமையாள் முதுகில் ஏறி வரவேண்டும், இல்லையென்றால் வண்டியில் கொஞ்ச தூரம். அதைத் தவிர்க்கத்தான் பியர் கட்டினார்கள். சௌத்எண்ட் கதையும் அதேதான். லண்டனிலிருந்து நீராவிப் படகில் வரும் பயணிகளை இறக்க ஆழம் இல்லை, எனவே ஆழம் இருக்கும் இடம் வரைக்கும் பாலத்தை நீட்டினார்கள். 1830-இல் மரத்தில், 1889-இல் இரும்பில். பயணிக்காகக் கட்டிய பாலத்தில் பயணம் போகாதவர்களும் சும்மா நடக்க ஆசைப்பட்டார்கள். அவர்களிடம் கட்டணம் வாங்கினார்கள். கட்டணம் கொடுத்தவர்களுக்குப் பாண்டு வாத்தியம் வந்தது, பிறகு கொட்டகை, பிறகு ராட்டினம். கேளிக்கை கடைசியில் வந்து சேர்ந்தது.

இதைப் படித்தபோது அப்பா சொன்ன சாக்கு மூடை ஞாபகம் இன்னும் வந்திருக்கவில்லை. இப்போது வருகிறது. மனுஷனை மூடை மாதிரித் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காகத்தான் பியர் என்ற பொருளே பிறந்தது.

இதே பிரச்சினை தூத்துக்குடிக்கும் இருந்தது. எங்கள் கடல் ஆழமில்லாதது. முன்னால் வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி என்று தீவுகளும் பவளப் பாறைகளும். அலை அடங்கியிருக்கும், ஆனால் பெரிய கப்பல் கிட்டே வர முடியாது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். 1876-இல் ரயில் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு என்பதுதான் 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி வழியும் திறக்கிறவரை இலங்கைக்குப் போகிற பிரதான பாதை. கொழும்புக்குப் போகிறவர்கள் கரையிலிருந்து சின்ன நீராவிப் படகில் ஏறி, அலையில் ஆடி, நடுக்கடலில் பெரிய கப்பலுக்கு ஏறவேண்டும். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் பயணிகளும் அப்படித்தான் ஏறியிருப்பார்கள்.

சௌத்எண்ட் பாலத்தை நீட்டியது. தூத்துக்குடி ஆளை நீட்டியது. சரக்கைத் தோணியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டு போக ஆயிரக்கணக்கான கைகள் இருந்தன, கூலி மலிவு. ஐந்து மைலுக்குப் பாலம் போட யாருக்கும் அவசியம் இல்லை.

இரும்புப் பியர் நம் பக்கம் வராமலில்லை. சென்னையில் 1860-களின் தொடக்கத்திலேயே திருகாணிக் கால்கள் மேல் ஒன்று நின்றது. இந்தத் திருகாணிக் கால் ஒரு அழகான கண்டுபிடிப்பு. இரும்புத் தூணின் அடியில் பெரிய திருகு இலை வைத்து, கடல் மணலுக்குள் திருகி இறக்குவது. கண்டுபிடித்த அலெக்சாண்டர் மிட்செல் பார்வையற்ற ஐரிஷ் பொறியாளர். புதுச்சேரியில் 1866-இல் ஓர் இரும்புப் பியர் வந்தது, 1952 புயலில் போனது. பிறகு கட்டிய கான்கிரீட் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கொந்தளித்த கடலில் இடிந்து விழுந்தது. நூற்றுக்கணக்கான சினிமாக்காரர்களும் காதலர்களும் அதற்காக வருத்தப்பட்டார்கள். ஒரு சரக்கு ஜெட்டிக்காக யாரும் அப்படி வருத்தப்பட மாட்டார்கள். வேலை முடிந்து பல காலம் கழித்தும் ஊர் அதை வைத்துக்கொண்டது.

நம்மிடம் இருந்த வேடிக்கை

அப்படியென்றால் தூத்துக்குடிக்குக் கடற்கரைக் கேளிக்கை என்ற பழக்கமே இல்லையா? இருந்தது. அதன் பெயர் முத்துக்குளித்தல்.

வருஷா வருஷம் நடப்பதில்லை. முத்துப் பார்களை அதிகாரிகள் சோதித்து, சிப்பி முற்றியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அறிவிப்பு. பார் என்றால் கடலடி மேடு. தூத்துக்குடிக்கு நேரே இருக்கும் தொள்ளாயிரம் பார் இந்தப் பேச்சில் எப்போதும் வரும் பெயர். அறிவிப்பு வந்ததும் வெறும் கடற்கரையில் ஒரு கொட்டகை ஊர் எழும். குளிப்பவர்கள், கயிறு பிடிப்பவர்கள், சுறாவைக் கட்டிவைப்பதாகச் சொல்லி மந்திரம் போடும் கடற்கட்டிகள், வியாபாரிகள், டீக்கடை, போலீஸ், ஆஸ்பத்திரி. எதிர்க்கரையில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1900-களின் தொடக்கத்தில் இப்படி எழுந்த ஊரில் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். 1906-இல் அங்கே அரசு அதிகாரியாக வேலை பார்த்தவர்களில் எழுத்தாளர் லியோனார்டு உல்ஃபும் ஒருவர்.

படகுகள் நள்ளிரவுக் கரைக்காற்றில் போய், மதியத்துக்குமேல் கடற்காற்றில் திரும்பும். வந்த சிப்பியை எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசுக்கு. அரசின் பங்கு அன்று சாயங்காலமே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். குளித்தவர்கள் தங்கள் பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்பார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காலணாவுக்கு நாலு சிப்பி வாங்கி அங்கேயே பிளந்து பார்ப்பார்கள். லாட்டரிதான். சௌத்எண்ட் பியரில் காசு போடும் மெஷினுக்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரியதில்லை.

இந்தியப் பக்கம் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி. அப்பாவுக்கு அப்போது பதிமூணு, பதினாலு வயசு. சிப்பி வாங்கினாயா என்று கேட்டேன். "ஒண்ணு வாங்குனேன். உள்ள ஒண்ணுமில்ல. நாத்தம்தான்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிதானிக்கவேண்டும். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதை அழகான காட்சியாக எழுதிவிடுகிறார்கள். நானும் இரண்டு பத்தி அதைத்தான் செய்தேன். கல்லைக் காலில் கொடுத்து, மூக்கைப் பிடித்து, பத்து ஆள் ஆழத்துக்கு ஒரு நாளைக்குப் பல தடவை இறங்கினவனுக்கு அது காட்சி இல்லை. கயிறு பிடிப்பது மச்சானாக இருக்கவேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள். தங்கச்சியோ அக்காவோ தாலியறுக்கக்கூடாது என்ற பயத்தில் அவன் மட்டும்தான் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் எவ்வளவு சாவு இருக்கிறது பாருங்கள். அடுத்தவன் வேலையை வேடிக்கை பார்ப்பது எப்போதும் நல்ல கேளிக்கை அல்ல. பார்க்கிறவனுக்கு நிழலும் செய்கிறவனுக்கு மூச்சுத்திணறலும் என்றால் அதில் ஒரு கோளாறு இருக்கிறது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது மதிப்பெண்

பியரின் கதையிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் மூன்று. ஒன்று, அது உன்னைத் தண்ணீருக்கு மேலே கொண்டு போகிறதா? இரண்டு, நடக்க முடியாதவரையும் கொண்டு போகிறதா? மூன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் பார்க்க உண்மையான ஏதாவது இருக்கிறதா?

நான் முதலில் சொன்ன பூங்கா மூன்றிலும் தோற்றது. அதைக் கட்டினவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. குழந்தைகள் சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பூங்காவை அப்படியே பெயர்த்து விருதுநகரில் வைத்தாலும் எதுவும் குறையாது. கடல் பக்கத்தில் இருப்பதால் அதற்கு ஏற்பட்ட ஒரே வித்தியாசம் துரு.

அடுத்தது கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம். தமிழ்நாட்டில் இப்போதைக்கு உல்லாசப் பியருக்கு மிக நெருங்கிய பொருள் இதுதான். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. சிலையின் வெள்ளி விழாவையொட்டி 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள். பத்திரிகைகளும் யூடியூப்காரர்களும் கண்ணாடியைத்தான் பேசினார்கள், காலுக்குக் கீழே கடல் தெரிகிறது என்று. எனக்குப் பிடித்தது வேறு. கடல்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகு போக முடியாது. விவேகானந்தர் பாறை வரை வந்தவர்கள் சிலையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அந்தக் குறையைப் பாலம் தீர்த்தது. ரைடு, சௌத்எண்ட் மாதிரியே ஆழமின்மைக்குச் சொன்ன பதில். ஆக முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் நல்ல மதிப்பெண். இரண்டாவதில்தான் சிக்கல். பாலம் சமதளம், ஆனால் பாலத்துக்கு வரப் படகேற வேண்டும், ஆடுகிற படகில் ஏறி இறங்க வேண்டும். அப்பா மாதிரி ஆட்களுக்குக் கண்ணாடியும் கான்கிரீட்டும் ஒன்றுதான்.

மூன்றாவது, எனக்கு மிகப் பிடித்தது. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரத்தில் போட்ட பாதை. 263 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். 2022 நவம்பர் 27-இல் திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்து முதல்முறை அலையைக் கிட்டே பார்த்தவர்களின் படங்கள் அன்று எல்லாப் பேப்பரிலும் வந்தன. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து முனையைப் பெயர்த்துப் போட்டது. கேலி செய்தார்கள். மறுபடி சரி செய்தார்கள். கேலி செய்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பியர் என்றாலே உடைகிற பொருள். இங்கிலாந்தில் ஒருகாலத்தில் நூறு வரை இருந்தவற்றில் இன்று நிற்பவை அறுபதுக்குள். பிரைட்டனின் மேற்குப் பியர் 1975-இல் மூடப்பட்டு 2003-இல் எரிந்து, இன்றும் எலும்புக்கூடாகக் கடலில் நிற்கிறது. சௌத்எண்டிலும் தீ பிடித்திருக்கிறது, கப்பல் மோதியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த ஊர் சரி செய்தது. திறப்புவிழாவுக்குப் பணம் ஒதுக்கும்போதே பத்து வருஷப் பராமரிப்புக்கும் ஒதுக்கவேண்டும் என்பதுதான் பாடம். பியரே வேண்டாம் என்பது அல்ல. மெரினா பாதை தண்ணீருக்கு மேலே போகவில்லை, தண்ணீர் ஓரம் வரைதான் போகிறது. இருந்தாலும் என் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம்.

நாலாவதாக, நம் ஊர்த் துறைமுகம். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புது ஹார்பரை அணைத்து இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் போகின்றன. வடக்குச் சுவர் 4.1 கிலோமீட்டர், தெற்குச் சுவர் 3.9 கிலோமீட்டர். உலகத்திலேயே நீளமான உல்லாசப் பாலம் 2.16 கிலோமீட்டர் என்று சொன்னேன் அல்லவா? அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளத்தில் ஒன்றல்ல, இரண்டு எங்கள் ஊரில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றில் கால் வைக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2004 முதல் உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன. வேலை நடக்கும் துறைமுகத்தில் குடும்பத்தோடு உலாத்த விடமாட்டார்கள், விடவும் கூடாது. எதிரே இருக்கும் தீவுகளிலும் இறங்க முடியாது. அவை 1986-இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பவளத்தை வெட்டி வெட்டி விலாங்குசல்லித் தீவே மூழ்கிப் போன வரலாறு நமக்கு உண்டு, எனவே அந்தத் தடையையும் ஆதரிக்கிறேன். ஒவ்வொரு தடையும் தனித்தனியாகச் சரி. கூட்டிப் பார்த்தால், முத்துநகர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் ஒரு மனிதன் கடலுக்கு மேலே நிற்க ஓர் இடம் இல்லை.

ஒரு பொறியாளராக இரண்டு வார்த்தை

நான் எழுதுவது சாஃப்ட்வேர், படித்தது பி.இ. சிவில். அந்தப் பழைய பாடத்தை வைத்து ஒரு விஷயம் சொல்கிறேன்.

கடலுக்குள் நீளும் பொருள் இரண்டு வகை. கல் கொட்டிய சுவர் ஒன்று. தூண் மேல் நிற்கும் மேடை ஒன்று. கரையோரமாக மணல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுவர் அதை மறிக்கும். ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகச் சுவருக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980-களில் துறைமுகச் சுவர் வந்த பிறகு நகரக் கடற்கரை மணலை இழந்தது. தூண் மேல் நிற்கும் பியரில் மணலும் மீனும் தூணுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும். எனவே "கடலோரம் எதைக் கட்டினாலும் நாசம்தான்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது.

அதற்காக எங்கே வேண்டுமானாலும் நட்டுவிடலாம் என்றும் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். பவளமும் கடற்புல்லும் இல்லாத இடம் வேண்டும். அதைவிட முக்கியமாக, மீனவர்கள் வள்ளம் இழுக்கும், வலை காயப்போடும் இடமாக அது இருக்கக்கூடாது. நம் ஊரில் 'அழகுபடுத்துதல்' என்ற சொல் வந்தால் முதலில் நகர்த்தப்படுவது வலைதான். அப்படி வருகிற பியர் எனக்கும் வேண்டாம்.

நான் கேட்பது இரண்டு கிலோமீட்டர் அல்ல. இருநூறு மீட்டர் போதும். சாய்தளம், கைப்பிடி, நிழல், கடலைப் பார்த்துப் போட்ட பெஞ்சு. கண்ணாடி வேண்டாம், டால்ஃபின் வேண்டாம். ராட்டினம் வந்தால் கரையில் நிற்கட்டும்.

அந்த முனையில் என்ன தெரியும்? அதுதான் மூன்றாவது கேள்வி. தூத்துக்குடியில் அதற்குக் குறைவே இல்லை. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போகும் தோணிகள். கொழும்புக்குப் போகும் கண்டெய்னர் கப்பல்கள். காலை ஐந்து மணிக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்குள் திரும்பவேண்டும் என்ற விதியால் ஒரே நேரத்தில் வரிசையாக விளக்குப் போட்டுக்கொண்டு வரும் விசைப்படகுகள். திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள். பாண்டு வாத்தியமே தேவையில்லை.

அடுத்தவன் வேலையை வேடிக்கை பார்ப்பது பற்றி மேலே ஒரு சந்தேகம் சொன்னேன். அதன் இன்னொரு பக்கம் இதுதான். முத்துக்குளிப்பில் பார்த்தவர்கள் வேறு, குளித்தவர்கள் வேறு. குளித்தவன் தன் வேலையைத் தூரத்தில் நின்று பார்த்ததே கிடையாது. அந்த இருநூறு மீட்டர் பெஞ்சில் உட்காரப்போகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? வேலையிலிருந்து ஓய்ந்த டாலி கிளார்க்குகள், லாரி டிரைவர்கள், உப்பளத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பெண்கள், வலை பின்னிய கிழவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள். தாங்கள் செய்ததை இப்போது சாவகாசமாகப் பார்க்க வருகிறவர்கள். அவர்களுக்கு அது காட்சிதான், ஆனால் அடுத்தவனுடையது அல்ல.

அன்று பூங்காவிலிருந்து கிளம்பிய பிறகு, பீச் ரோட்டில் பழைய ஹார்பர் பக்கம் காரை ஓரமாக நிறுத்தினேன். மதிலுக்கு மேலே தோணிகளின் கம்பங்கள் மட்டும் தெரிந்தன. அப்பா கண்ணாடியை இறக்கச் சொன்னார். உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

"எத்தனைப்பா?"

"ஏழு. ஒண்ணு பின்னால மறைஞ்சிருக்கு, எட்டு."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "முப்பத்திமூணு வருஷம் எண்ணிருக்கேன்ல. குனிஞ்ச தல நிமிரல. ஒரு நாளு நிமிந்து பாத்திருந்தா மூட தப்பிப்போவும்."

காரை ரொம்ப நேரம் அங்கே நிறுத்த முடியவில்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினோம்.